கத்தரித் தோட்டத்தில் டிஸ்கோ

பெங்களூரில் ஒரு டிஸ்கோவில் ஒன்றரை வருடம் இருந்தேன் என்று ஊரில் பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. இருந்தேன். அங்கே என்ன செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்பது என் கட்சி. (எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இந்த அளவு சட்டம் போதும்.)

எட்டாவதில் நின்றவன் வீட்டில் நிற்கவில்லை. ஓசூர்ப் பக்கம் செங்கல் சூளை, திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் ரப்பர் பால் எடுக்கிற வேலை, பிறகு பெங்களூர். எங்கேயும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. சில ஊரில் சோறு சரியில்லை. சில ஊரில் நான் சரியில்லை. கை வெறுமையாகும்போதெல்லாம் பஸ் ஏறி வந்து சேர்ந்த இடம் அஞ்சலை அக்கா வீடு. தியாகதுருகத்து மலைக்கோட்டை தெரிகிற தூரத்தில் ஒரு கிராமம். ஓட்டு வீடு, பின்னால் கொஞ்சம் தோட்டம், ஒரு பசு மாடு, ஒரே மகள் பவித்ரா.

பவித்ராவுக்கு நான் தாய்மாமன். நம் பக்கத்தில் தாய்மாமனுக்கு என்னென்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது என் மடி கேரளாவில் இருந்தது. பெரிய மனுஷியானபோது பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட வேண்டும். அப்போது திருப்பூரில் இருந்தேன், போன் அணைந்து கிடந்தது. பங்காளி முறையில் யாரோ ஒருவர் கட்டினாராம். ஆறு மாதம் கழித்து நான் வந்தபோது அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு ஊற்றி, "துன்னு" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்தப் பவித்ரா நர்சுக்குப் படித்து, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு தை மாதத்தில் எனக்கு போன் செய்தாள்.

"மாமா, என் பொறந்த நாளுக்கு எங்கூட வேல செய்யறவங்க பன்னெண்டு பேரு வராங்க. காலைல கல்வராயன் மலைக்குப் போயி அருவில குளிச்சிட்டு, சாயந்தரம் நம்ம வூட்ல பார்ட்டி. ரெட்ரோ டிஸ்கோ பார்ட்டி. கார்டன்ல."

"ரெட்ரோன்னா இன்னாம்மா?"

"பழசு மாமா. அந்தக் காலத்து டிஸ்கோ. பெல்பாட்டம், மினுக்குச் சட்ட, மேல கண்ணாடி உருண்ட சுத்துமே, அது."

"கார்டனு?"

"நம்ம தோட்டந்தான். நீதான் எல்லாத்தையும் பாத்துக்கணும். எங்க மாமா பெங்களூர்ல டிஸ்கோ மாஸ்டர்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். என் மானத்த வாங்கிடாத."

மாஸ்டர்! நான் சொன்னது 'இருந்தேன்' மட்டும்தான். அது சென்னைக்குப் போய்ச் சேர்வதற்குள் பதவி உயர்வு பெற்றிருந்தது. இங்கே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண் தன் வாழ்க்கையில் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மடியும் ஓலையும் கொடுக்காத மாமன் டிஸ்கோவாவது கொடுக்க வேண்டாமா? "ஜமாய்ச்சிடலாம்" என்றேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். டிஸ்கோ என்றால் என்ன, ரெட்ரோ என்றால் என்ன, எதையும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஆடறதுக்கு எவ்ளோ எடம் வேணும்?"

"ஒரு களம் அளவு வேணும்க்கா" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். மறுநாள் காலையில் நான் எழுந்து வந்து பார்க்கும்போது பாதிக் கத்தரித் தோட்டம் இல்லை. காய்த்துக்கொண்டிருந்த செடிகள் வேரோடு வரப்பில் கிடந்தன.

"அக்கா! காய்க்கிற செடிக்கா!"

"கத்திரிக்கா இன்னொரு வாட்டி நட்டாலும் காய்க்கும். எம்பொண்ணு கூட்டாளிங்க இன்னொரு வாட்டி வருவாங்களா? மண்வெட்டிய எடுடா."

பகலில் கரும்பு வெட்டப் போவாள். திரும்பி வந்து, விளக்கு வைப்பதற்குள் தோட்டத்து வேலை. முதல் நாள் நிலத்தைக் கொத்திச் சமன் செய்து தண்ணீர் விட்டாள். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேரைக் கூட்டி வந்தாள்; எல்லோரும் வரிசையாக நின்று ஈர மண்ணைக் காலால் மிதித்தார்கள். மூன்றாம் நாள் சாணி கரைத்து மெழுகினாள். நெல் அடிக்கிற களம் போல, பந்தை விட்டால் துள்ளும் அளவுக்குத் தரை இறுகிவிட்டது. பெங்களூரில் நான் பார்த்த டிஸ்கோ தரைகூட அப்படி மட்டமாக இல்லை. (எனக்குத் தெரியும். அந்தத் தரையின் ஒவ்வொரு சதுரமும் எனக்குத் தெரியும்.) அக்கா எதற்கும் உட்கார்ந்து திட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் செய்து முடித்த பிறகு பார்த்தால் திட்டம் போட்டதுபோல இருக்கும். நான் நேர்மாறு. அந்த மூன்று நாளும் என் கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தன.

அக்கா வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். வந்து பார்த்துவிட்டு, "ஏன் மச்சான், சாணி மொழுவுன தரையில டிஸ்கோ ஆடுவாங்களா?" என்றார்.

"அந்தக் காலத்து டிஸ்கோ அப்டிதாங்க" என்று சமாளித்தேன்.

அடுத்து கண்ணாடி உருண்டை. முடிவெட்டும் கடையில் உடைந்த கண்ணாடி ஒன்று கிடைத்தது. அதைத் துண்டு துண்டாக்கி ஒரு மண்பானை முழுக்க ஒட்டினேன். வேப்பமரக் கிளையில், களத்துக்கு நேர் மேலே, கயிறு கட்டித் தொங்கவிட்டேன். பானை அழகாகத்தான் இருந்தது. ஆனால் சுற்றவில்லை. டிஸ்கோ உருண்டை சுற்றாவிட்டால் அது தொங்குகிற பானைதான். பேட்டரி, மோட்டார் என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு அந்தப் பக்கம் வந்தாள். ஸ்டூலில் ஏறிப் பானையைப் பிடித்துப் பத்து முறுக்கு முறுக்கி விட்டாள். கயிறு தானாகப் பிரிந்து பானை ஒரு பக்கம் சுற்றியது, பிறகு மறுபக்கம் முறுக்கிக்கொண்டு திரும்பச் சுற்றியது. சாயங்கால வெயில் அதில் பட்டு, மிச்சமிருந்த கத்தரிச் செடிகள், மாடு, சுவர், அக்கா முகம் எல்லாவற்றிலும் வெளிச்சப் பொட்டுகள் ஓடின.

"கெணத்துக் கவுறு கூட இப்டித்தாண்டா சுத்தும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் நோட்டை மூடி வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் மாஸ்டர் ஆயிற்றே, மாஸ்டருக்கு மினுங்குகிற உடுப்பு வேண்டாமா? கள்ளக்குறிச்சிக் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், என் அளவுக்கு மினுக்குச் சட்டை இல்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கண்ணாடி பதித்த உடுப்பு நம்மிடமே இல்லையா? தெருக்கூத்துக்காரர்கள் கட்டுகிற தோள்கட்டை, மார்புப் பலகை, கிரீடம் எல்லாம் கண்ணாடித் துண்டுகள்தானே! எலவனாசூர்கோட்டையில் கூத்து உடுப்பு வாடகைக்கு விடும் ஒருவரைத் தேடிப் போனேன்.

"இன்னா வேஷம் கட்றீங்க?" என்று கேட்டார்.

"டிஸ்கோ."

"அது எத்தினியாவது நாள் கூத்துல வருது?"

"இது ஒரே நாள்தாங்க."

"ராஜாவா, மந்திரியா?"

"ரெண்டுக்கும் நடுவுலங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு பச்சைத் தகரப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பெட்டியோடு பஸ் ஏறினேன். நான் செய்த எல்லாத் தவறுகளுக்கும் தலைமைத் தவறு இதுதான். எங்கள் பக்கத்தில் கூத்துப் பெட்டியைப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்கு முன்பே, "எந்த ஊர்ல கூத்து?" என்றார்.

மாஸ்டருக்குப் பெருமை பொங்கியது. "எங்க ஊர்லதான். நாளைக்கி சாயந்தரம் நாலு மணிக்கு."

பக்கத்து இருக்கைப் பெண் திரும்பினாள். "பகல்லயா? இன்னா கூத்து அது?"

"டிஸ்கோங்க."

"புதுசாக் கீதே" என்றாள். அதற்குப் பிறகு நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கியவர்கள் செய்தியோடு இறங்கினார்கள்.

மறுநாள் காலையில் ரேடியோ செட்டுக்காரர் வந்து, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தென்னை மரத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார். குழாய் கட்டிப் பாட்டுப் போட்டுவிட்டால் எங்கள் ஊரில் தனியாக அழைக்க வேண்டியதில்லை. மூன்றரை மணிக்குத் தோட்டத்து வேலியைத் தள்ளிக்கொண்டு முதல் குடும்பம் வந்தது. அவர்கள் கையில் பாய் இருந்தது. அடுத்து வந்தவர்கள் கையிலும் பாய். கூத்து என்றால் விடிய விடிய நடக்கும் என்று சிலர் தலையணையும் கொண்டுவந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் முன் வரிசை. களத்தை மட்டும் சுத்தமாக விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஐஸ் விற்பவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "டேய் ஏழுமல, ஊருக்கு இன்னாடா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"அந்தப் பொட்டிய பஸ்லயா எத்துக்கினு வந்த?"

"ஆமாங்க்கா."

அக்கா ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். திறந்ததும், "மொச்ச பத்தாது" என்றாள். பத்து நிமிடத்தில் நான்கு வீட்டு அடுப்பில் சுண்டல் வெந்துகொண்டிருந்தது. பிடுங்கிய செடிகளின் கடைசிக் காய் வரைக்கும் பஜ்ஜியாகிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேருக்குச் சமைக்க உட்கார்ந்தவள், முகம் சுளிக்காமல் ஊருக்கே சமைத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இடையிடையே பெரிய பெரிய ஓட்டல்களில் பாத்திரமும் கழுவியிருக்கிறேன், அங்கேயும் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு வேன் வந்தது. அருவியில் குளித்த ஈரத் தலையோடு, தரையைப் பெருக்கும் பெல்பாட்டமும் பூசணிப்பூ அகலக் கண்ணாடியுமாகப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். "வேஷம் கட்டிக்கினே வந்துட்டாங்கடி" என்றாள் ஒருத்தி.

பன்னிரண்டு பேரும் வேலியோரமாகவே நின்றுவிட்டார்கள். பவித்ரா என்னிடம் ஓடி வந்தாள். "மாமா, யாரு இவங்கல்லாம்?"

"பக்கத்து வூட்டுக்காரங்கம்மா."

"இத்தினி பக்கத்து வூடா?" அவள் கண் கலங்கியிருந்தது. "எல்லாரும் உக்காந்து பாத்தா எப்டி மாமா ஆடுவாங்க? யாரும் ஆட மாட்டாங்க. அப்டியே வேன்ல ஏறிப் போயிடுவாங்க."

அவளோடு வந்தவர்களில் ஜோசப் என்று ஒருவர், அவரும் நர்ஸ்தான், என் அருகே வந்தார். "சார், நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க சார். மாஸ்டர் ஆடுனா நாங்களும் வந்துடுவோம்."

என்னை அதுவரை யாரும் சார் என்று சொன்னதில்லை. சொன்ன அன்றைக்கா இப்படி ஒரு வேலை! ஒன்றரை வருடத்தில் நான் அங்கே ஒரே ஒரு அடிகூட ஆடியதில்லை. ஆனால் பவித்ராவின் முகத்தைப் பார்த்த பிறகு வேறு வழி தெரியவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

ரேடியோ செட்டுக்காரர் சாமி பாட்டு இல்லாமல் எதையும் தொடங்க மாட்டேன் என்றார். பிள்ளையார் பாட்டு முடியும்வரை பெல்பாட்டம்காரர்கள் பன்னிரண்டு பேரும் கைகூப்பி நின்றார்கள். பிறகு டிஸ்கோ பாட்டு ஆரம்பித்தது. அக்கா வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறிப் பானையை முறுக்கி விட்டு, ஸ்டூலோடு ஒதுங்கினார். தோளில் கட்டை, மார்பில் பலகை, தலையில் ஒரு முழ உயரக் கிரீடம், கீழே என் பழைய கால்சட்டை. களத்தில் நுழைந்தேன்.

நான் எதுவும் செய்வதற்கு முன்பே ஊர் சிரித்தது. கூத்தில் ராஜா வருவதற்கு முன் சிரிப்புக் காட்ட ஒரு கட்டியக்காரன் வருவான். என்னை அவன் என்று நினைத்துவிட்டார்கள். "கால்சட்ட ராஜா!" என்று ஒரு குரல். நடுக்களத்துக்குப் போய் நின்றேன். கால் நகரவில்லை. ஏதாவது செய்தாக வேண்டுமே என்று ஒரே எம்பாக எம்பினேன்.

கிரீடம் ஒரு முழம் என்பதை நான் யோசிக்கவில்லை. அது நேராகப் பானையில் இடித்தது. பானை வெடித்து, அத்தனை கண்ணாடியும் களம் முழுக்கச் சிதறியது. கிரீடம் இருந்ததால் என் தலை தப்பியது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. முன் வரிசை முழுக்க வெறுங்கால் பிள்ளைகள். அதில் ஒரு கைக்குழந்தை மின்னுவதைப் பார்த்துத் தவழ்ந்து வர ஆரம்பித்தது.

அந்த நொடியில் நான் என்ன யோசித்தேன் என்று கேட்டால், ஒன்றும் யோசிக்கவில்லை. பெங்களூரில் கண்ணாடி டம்ளர் உடையாத நாளே கிடையாது. உடைந்த சத்தம் கேட்டால் மூன்று எண்ணுவதற்குள் அங்கே நிற்க வேண்டும். அங்கே மேனேஜர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆடுகிறவர்கள் ஆட்டம் நிற்கக் கூடாது, துடைப்பவன் தனியாகத் தெரியவும் கூடாது. ஆகவே பாட்டின் தாளத்துக்கே துடைக்கப் பழக்கினார்கள். இடது கால் பின்னால், வலமிருந்து இடமாக ஒரு இழுப்பு, இடுப்பைத் திருப்பி இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு, இரண்டு எட்டு பின்னால், குனிந்து ஒரு பிழி, நிமிர்ந்து ஒரு உதறு.

"ஏழுமல, புடிடா!"

அக்காவின் குரல். அடுப்படி வாசலிலிருந்து துடைப்பம் பறந்து வந்தது. பின்னாலேயே ஈரச் சாக்கு. பிடித்துச் சாக்கைத் துடைப்பத்தில் சுற்றினேன். குழந்தையின் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். இழுப்பு, இழுப்பு, இரண்டு எட்டு, பிழி, உதறு. கிரீடம் ஆடியது, தோள்கட்டைகள் கலகலத்தன. பொடிக் கண்ணாடி சாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது. களத்தை ஒரு சுற்று சுற்றி, ஒரு துண்டு விடாமல் மூலையில் குவித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். சிரிப்பு நின்றிருந்தது. ஊர் மொத்தமும் தாளத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. ஜோசப் ஓடி வந்தார். "சார், செம சார்! இது இன்னா ஸ்டெப்பு சார்?"

ஏதாவது ஒரு ஆங்கிலப் பெயரைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பவித்ரா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் முடியவில்லை.

"மாப் போடறதுங்க. நான் மாஸ்டர் இல்ல. அங்க ஒன்றர வருசம் தரதான் தொடச்சேன்."

 என் கால் வேலிப் பக்கம் திரும்பிவிட்டது. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. (அதில்தான் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.) பவித்ரா என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கினாள்.

"ட்ரெயினிங்ல மொத வருசம் பூரா நான் வார்டு தொடச்சேன் மாமா. அம்மா அழுவும்னு வூட்ல சொல்லவே இல்ல. நீ பின்னால போறப்ப குதிகால அழுத்தற. அப்டிப் போனா வழுக்கி வுடும். தோ, இப்டி."

செய்து காட்டினாள். ஜோசப், "நாங்க எட்டு நம்பர் மாதிரி வளைச்சிப் போடுவோம் சார், எட்டு!" என்று பெல்பாட்டத்தை மடித்துக்கொண்டு களத்தில் இறங்கினார். பன்னிரண்டு பேரும் நர்சுகள். பன்னிரண்டு பேரும் தரை துடைத்தவர்கள். செட்டுக்காரர் அடுத்த பாட்டைப் போட்டார். இல்லாத மாப்பைப் பிடித்துக்கொண்டு பதின்மூன்று பேர் ஒரே தாளத்தில் இழுப்பு, இழுப்பு, இரண்டு எட்டு, பிழி, உதறு. முதலில் முன் வரிசைப் பிள்ளைகள் எழுந்தார்கள். அடுத்து, களம் மிதித்த நான்கு பெண்கள். பெருக்குவதும் மெழுகுவதும் தெரியாதவர் அந்தத் தோட்டத்தில் யார்? பாய்கள் சுருட்டப்பட்டன. ஐஸ்காரர் சைக்கிளை மறந்துவிட்டு ஆடினார்.

பொழுது சாய வேன் கிளம்பியது. அதற்கு முன் பவித்ரா என்னிடம் வந்து, "என் பொறந்த நாளு ஒண்ணுகூட இப்டி இருந்ததில்ல மாமா" என்றாள். பிறகு, "நீ இருந்ததில்ல இல்ல, அதான்" என்று சேர்த்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லோரும் போன பிறகு அக்கா எனக்குச் சுண்டல் வைத்தாள். மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

"நான் தொடச்சிக்கினு இருந்தது உனக்குத் தெரியுமாக்கா?"

"பெங்களூருலேர்ந்து வந்தியே, வெரலு பத்தும் தோலு உரிஞ்சி வெளுத்துப் போயி. ஆடறவனுக்குக் கால்ல இல்ல புண்ணு வரணும்?"

எனக்கு நினைவு வந்தது. பினாயிலும் ஆசிடும் தின்ற விரல்கள். அந்த முறை வந்தபோது ஒரு வாரம் தினமும் தேங்காயெண்ணெய் காய்ச்சித் தடவி விட்டவள், எப்படி ஆச்சு என்று கேட்கவில்லை. பெங்களூர்க் குளிர் என்று நானாகச் சொன்னதையும் மறுக்கவில்லை. அத்தனை வருடம் ஊரில் நான் டிஸ்கோ கதை சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா ஒரு வாட்டிகூட சொல்லல?"

"நீ சந்தோசமாச் சொல்லிக்கினு இருந்த. நான் ஏன் கெடுக்கணும்? துன்னு."

போன ஆவணியில் பவித்ராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜோசப் இல்லை. (ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.) இந்த முறை தாய்மாமன் ஊரில் இருந்தான். பத்து நாள் முன்பே வந்துவிட்டான். சீர்த் தட்டுகளை வரிசையாகத் தூக்கிக்கொண்டு, மேளத்தோடு மண்டபத்துக்குப் போனோம். பழத்தட்டு, பூத்தட்டு, சேலைத்தட்டு, வளையல் தட்டு. கடைசியாக, எனக்குத் தெரியாமல், அக்கா ஒரு தட்டு சேர்த்திருந்தாள். அதில் புத்தம் புது மாப் ஒன்று, கட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் ஒரு முழம் கனகாம்பரம் சுற்றி, படுத்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தட்டைக் குனிந்து பார்த்தார். கிண்டல் என்று நினைக்கவில்லை, மரியாதையாகவே கேட்டார். "இது இன்னா சீருங்க? எங்க பக்கம் வழக்கம் இல்லீங்களே?"

"தாய்மாமன் சீருங்க" என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "எங்க வூட்ல இது இல்லாம பொண்ணு அனுப்ப மாட்டோம்."

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பின்னால் வந்த மேளக்காரருக்கு யார் சொன்னார்களோ தெரியாது, தாளத்தை மாற்றினார். சென்னையிலிருந்து வந்திருந்த பன்னிரண்டு பேரும் இடது காலைப் பின்னால் வைத்தார்கள். நானும் வைத்தேன். குதிகாலை அழுத்தாமல்.